அண்ணாச்சியின் இரண்டாவது அடுப்பு

சாலைக் கடைத்தெருவில் நான் மண்பானை விற்கிற இடத்துக்கு அடுத்ததுதான் வீரபாண்டி அண்ணாச்சியின் சாப்பாட்டுக் கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக ஒரே அடுப்பை நம்பிப் பிழைத்தவர். சாம்பார் கொதிக்கும்போது யாரோடும் பேசமாட்டார். ஏதாவது கேட்டால் கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். அந்தச் சாம்பாருக்காகவே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்.

விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை பெருகியதும் அங்கே ஒரு கேன்டீன் எடுத்தார். அதற்கும் இங்கேயே இரண்டாவது அடுப்பு போட்டுச் சமைத்து ஆட்டோவில் அனுப்புவார். அதோடு கரண்டி பிடித்த கையில் போனும் வந்துவிட்டது. ஓணத்துக்கு முந்தின நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஏதாவது ஒரு வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அண்ணாச்சி எதையும் விடவில்லை.

பயந்தது அவர் மனைவி பூமாரிதான். மாசியில் ஒன்பது நாள் நோன்பிருந்து ஆற்றுக்கால் அம்மைக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டாள்.

"அவரு நல்லா இருந்தாப் போதும் ரத்னாக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

எங்கள் வரிசையில் நோன்பு நாளில் வெங்காயம், பூண்டு கிடையாது. பூமாரியோடு சேர்த்து நோன்பிருந்த பன்னிரண்டு பெண்களுக்கும் மத்தியானச் சோறு தன் கடையிலிருந்து என்று அண்ணாச்சியே சொன்னார். எங்களுக்குத் தனிச் சட்டி, கேன்டீனுக்குப் பெரிய அண்டா.

எட்டாம் நாள் கேன்டீனிலிருந்து விபின் விடாமல் கூப்பிட்டான். "அண்ணாச்சி, சாம்பார் எவிடே?"

"வண்டி கெளம்பிட்டுடே" என்றார். கிளம்பவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெங்காயம் வதக்கி அரைத்த மசாலாவை அண்டாவில் கொட்டினார். அதே கையோடு எங்கள் சட்டியிலும் ஒரு கரண்டி போட்டிருக்கிறார்.

எனக்கு ருசி தெரியவில்லை, பாதி சாப்பிட்டுவிட்டேன். பூமாரி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை. அப்படியே இருந்தாள்.

வாசலில் போனோடு நின்ற அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்னட்டி, உப்பு கொறவா?"

எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள். "போன வச்சிட்டு வாங்க."

"ஒரு நிமிசம்..."

"வச்சிட்டு வாங்க."

வந்தார். சட்டியை மோந்தார். வெங்காய வாடை அடித்தது.

"கப்பல்காரங்க சாம்பார நமக்கும் ஊத்திட்டாரு. இனி நம்மளையும் கப்பல்ல ஏத்த வேண்டியதுதான்" என்றாள் பக்கத்துக் கடை ராஜஸ்ரீ. யாரும் சிரிக்கவில்லை.

"தெரியாம நடந்ததுதானே, அம்மை பொறுத்துக்குவா" என்றேன்.

"நான் யாருக்காக நோன்பு இருந்தேன்னு அவருக்குத் தெரியும்லாக்கா" என்றாள் பூமாரி.

மறுநாள் பொங்கல். தெரு முழுக்க அடுப்பு. அம்மையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாங்கள் பானை வைத்தோம். கடைக்கு முன்னால் பூமாரி போன வாரமே மூன்று செங்கல் போட்டு இடம் பிடித்திருந்தாள். அவள் வெளியே வரவில்லை. அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு அந்தச் செங்கல் பக்கத்தில் குந்தியிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

தீர்த்தம் தெளிக்கிறவர் எங்கள் பானைகளில் தெளித்துக்கொண்டே வந்தார். வெறும் செங்கலைத் தாண்டிப் போய்விட்டார். கும்பிட்ட கையோடு அண்ணாச்சி நின்றார்.

பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார். "பூமாரி, கேன்டீன விட்டுட்டேன். காலையிலயே விபின்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருஷம் வை. நானே அரிசி களைஞ்சு தாரேன்."

அவள் கதவருகே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அடுத்த வருஷம் நீங்க இருக்கணும்லா."

அண்ணாச்சி செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடைக்குள் கொண்டு வைத்தார்.

இப்போது அங்கே ஒரே அடுப்புதான். கேட்டால் பழையபடி கரண்டியைத் தூக்கிக் காட்டுகிறார். பூமாரியும் அவர் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறாள். ஆனால் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கிறாள். அது முடியும்வரை அண்ணாச்சி தன் இலையில் கை வைப்பதில்லை.