அப்பாவைக் காவல் காத்த பெண்

என் கணவரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். பதினேழு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். குடியை நிறுத்த மருந்து வாங்க அப்பாவை அழைத்து வருவாள். வரிசையில் நிற்கும்போதும் அவர் சட்டை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருப்பாள்.

"படிக்கலையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பன்னெண்டாவது பாதியில நின்னுட்டேன் ஆன்ட்டி. அம்மா இல்ல. நான் இஸ்கூலுக்குப் போனா இவரு கடைக்குப் போயிடுறாரு."

பிறகு பல மாதம் அவளைக் காணவில்லை. போன வாரம் செவிலிமேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். மதுக்கடை வாசலில், உள்ளே போகவிருந்த ஒருவரிடம் ஒரு குவார்ட்டர் வாங்கித் தரச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் ஒளியவில்லை.

"அப்பாவுக்கு ஈரல் போயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிக்கினு போங்கன்னுட்டாங்க ஆன்ட்டி. ராவும் பகலும் கேட்டு அழுவுறாரு. இனிமே வேணாம்னு சொல்லி என்னா ஆவப்போவுது?"

"நீ திரும்பப் படிக்கலாமேம்மா," என்றேன்.

"என்கூடப் படிச்சவங்கல்லாம் காலேஜ் போறாங்க. நான் யார்கூடப் போயி ஒக்கார்றது?"

அந்த ஆள் பாட்டிலோடு வந்தார். அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, "வரேன் ஆன்ட்டி" என்று நடந்தாள். அந்தக் குடியோடு அத்தனை நாள் மல்லுக்கு நின்றவள் முகத்தில் அன்று கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.