ஒன்றாம் நம்பர் பை

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். மாற்றல் உத்தரவு வந்தால் எங்கள் வீட்டில் முதலில் வெளியே வருவது வெள்ளை பெயின்ட் டப்பாதான். இரும்புப் பெட்டி, வாளி, மடக்குக் கட்டில் என்று ஒன்றுவிடாமல் நம்பர் எழுதிவிடுவார். அசந்து உட்கார்ந்தால் என் முதுகிலும் எழுதுவார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

நீலகிரியிலிருந்து சென்னைக்குக் கிளம்பியபோது, வழியில் ஏதாவது அவசரம் என்றால் இருக்கட்டும் என்று தனியாக ஒரு பை தயார் செய்தார். டார்ச், கயிறு, பேண்டேஜ், எட்டு வயது மகளுக்கு வீசிங் வந்தால் இழுக்க இன்ஹேலர், டாக்டர் சீட்டு. பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஒரே பெருமை.

சாமான் லாரி முன்னால் போய்விட்டது. நாங்கள் காரில் விழுப்புரம் பைபாஸ் வரைக்கும் பாட்டும் வேர்க்கடலையுமாக ஜாலியாகத்தான் வந்தோம். ரோடு வேலை நடந்த இடத்தில் புழுதி கிளம்பியது. மகள் இருமினாள். இருமல் நிற்காமல் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"பை எங்கங்க?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "அதுக்கும் நம்பர் போட்டுட்டேன்."

ஒன்றாம் நம்பர். ஜவான்கள் வரிசைப்படி அதைத்தான் முதலில் ஏற்றியிருக்கிறார்கள். நாற்பது பெட்டிகளுக்குப் பின்னால் எங்கள் அவசரம் பத்திரமாக இருந்தது. போன் செய்தால், லாரி திண்டிவனத்தில் டீக்கு நிற்கிறதாம்; அங்கேயே இருக்கச் சொன்னார்.

ஊருக்குள் வண்டியை விட்டு, முதலில் கண்ணில் பட்ட மருந்துக் கடைக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்த அம்மா சீட்டு கேட்டார்.

"சீட்டு லாரியில இருக்குதுங்க. நான் இங்க பக்கத்துல வானூருதாங்க, மிலிட்டரி" என்று இவர் ராணுவ அடையாள அட்டையை நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

"கார்டை உள்ள வைங்க சார். பாப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கினு இருக்குது. எந்த மருந்துடா கண்ணு?"

"நீலக் கலரு... ரெண்டு தடவை" என்றாள் மகள், வார்த்தைக்கு வார்த்தை மூச்சிழுத்து.

அந்த அம்மா எடுத்துக் கொடுத்த இன்ஹேலரை இழுத்த கால் மணி நேரத்தில் விசில் அடங்கியது. பக்கத்தில் இருந்த டாக்டரும் பரிசோதித்துவிட்டு, கிளம்பலாம் என்றார். அதன்பிறகு நான்தான் காரை ஓட்டினேன். இவரைத் திட்டுவதற்கு வரிசையாக வார்த்தை சேர்த்துக்கொண்டே திண்டிவனம் வந்து, லாரிக்குப் பின்னால் நிறுத்தித் திரும்பினேன்.

பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் அவள் முதுகில் கை வைத்து ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டேன்" என்றார்.

எல்லையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தபோதுகூட அவர் வாயில் வராத வார்த்தை அது.

"நானும்தாங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.