குருவிக்கு முளைத்த விரல்

ஷாஹுல் ஹமீதின் ஸ்டூடியோ மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருந்தது. வாசலில் பெரிய போர்டு: 'உள்ளதை உள்ளபடி படம் எடுக்கப்படும்.' எழுதியவர் அவரே. அந்த ஒரு வரியில் அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு உண்டு, ஆறுமணிக் குருவி. ஐப்பசி மழை தொடங்கும்போது எங்கிருந்தோ வந்து அடையாற்றங்கரைத் தோப்பில் இறங்கி, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கத்தும். 1931-இல் அதைப் படமெடுக்கப் போனார். இரைக்குக் கரையானைத் தூவிவிட்டு, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தொழில் பழக்கத்தில், "அசையாம நில்லு நைனா, மொகவாயைத் தூக்கு" என்றார். குருவி தூக்கியது என்று சத்தியமே செய்வார். அதன் இடது காலில் ஒரு விரல் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தார்.

அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில், விரல் இல்லாத அதே குருவி! ஷாஹுல் ஹமீதுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் எடுத்து, தெருவெல்லாம் சொன்னார்.

எதிர்வீட்டு வக்கீல் வேதாந்தம் சும்மா இருப்பாரா? "அதே குருவியாவது, திரும்பி வரதாவது! எல்லாம் ஒரே அச்சு ஓய்."

"ரெண்டு படத்துலயும் விரலைப் பாருங்க வக்கீல் சாமி. வேற குருவின்னா போர்டைக் கயட்டிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வேதாந்தம் தன் மாமனார் கல்யாணராமனை நடுவராக அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டாவதில் விரல் இல்லை. முதலாவதில் எல்லா விரல்களும் ஜம்மென்று இருந்தன. ஷாஹுல் ஹமீது அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வருஷமாக அந்தப் படம் அவர் கடையில்தான் இருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்தே பழகிய தொழிலில் காலை யார் பார்க்கிறார்கள்?

"அஸ்மத்து!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

படங்களுக்கு டச்சப் செய்வது அவர் மனைவி அஸ்மத்துன்னிசா. திரைக்குப் பின்னாலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "நான்தான் போன வருஷத்து நெகடிவைச் சொரண்டி விரல் வரைஞ்சேன். புதுசுல இன்னும் கை வெக்கல. பாவம், பொட்டப்புள்ளையோ இன்னாவோ, கொறையோட எப்படி வெளியே காட்டுறது? அம்மைத் தழும்பு, மாறுகண்ணு, எதையாச்சும் நான் விட்டு வெச்சிருக்கேனா?"

"இதெல்லாம் செல்லாது," என்று குதித்தார் வேதாந்தம். "விரல் இருக்கற குருவி வேற, இல்லாத குருவி வேற. போர்டைக் கழட்டும்!"

ஷாஹுல் ஹமீது சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களில் ஒன்று கண்ணில் பட்டது. பெண் வீட்டாருக்குக் காட்ட வேதாந்தம் அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்ட படம். அதில் கன்னம் தேய்த்து வைத்த வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளத்தது. நேரில் இருப்பவர் முகத்திலோ அம்மை விளையாடியது போக மூக்குதான் மிச்சம். படத்தைக் கழற்றி வேதாந்தத்தின் தோளுக்கு நேராகப் பிடித்தார்.

"பெரியவரே, இவரும் அவரும் ஒரே ஆளா, வேற ஆளா?"

கல்யாணராமன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "பத்து வருஷமா நானும் அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன்," என்றார்.

"ஒரே குருவிதான்!" என்று அலறினார் வேதாந்தம். "சந்தேகமே இல்லை பாய், அதே குருவிதான்!"

ஜெயித்த ஷாஹுல் ஹமீது சிரித்தபடி வாசலுக்கு வந்தார். போர்டை அண்ணாந்து படித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய் ஏணியோடு வந்தார்.

"ஜெயிச்சுட்டீரே, ஏணி எதுக்கு?"

"ஜெயிச்சதாலதான் சாமி."

வேதாந்தம் ஓடிவந்து ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கழட்டாதேயும் ஓய்! என் படமும் பொய்யின்னு தெருவே பேசும். மாமனாரை அழைச்சிண்டு நான் எப்படி ஆத்துக்குப் போவேன்?"

"இருக்குற மூஞ்சியோட போங்க சாமி," என்று சொல்லி, ஷாஹுல் ஹமீது போர்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார்.