நெவிலின் அத்தி விழுது விட்ட கதை

நியூகாசில் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றும் இயந்திரத்தை ஓட்டியவர் நெவில் பாஸ்கோ. மலை மலையாகக் கரியைக் கொட்டிய அதே கைகளால், ஓய்வு பெற்ற பிறகு, தொட்டியில் குட்டையாக வளர்த்த இரண்டடி உயர அத்திமரத்தின் இலைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இது பதவி உயர்வா இறக்கமா என்று அவருக்கே சந்தேகம் உண்டு.

மரம் கிடைத்த விதமே அவருடைய மானத்தை வாங்குவதுதான். இடிக்கப்போகிற பழைய மதுக்கடை ஒன்றின் சுவர் விரிசலில் அது முளைத்திருந்தது. ஏணி போட்டு ஏறி, கடப்பாரையால் நெம்பி, மரத்தோடு சேர்ந்து கீழே விழுந்தார். மரத்துக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று. பிறகு கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றினார். சுற்றிவிட்டு மீன் பிடிக்கப் போனவர் மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால், கோடையில் வேகமாகத் தடித்த அத்திக்கிளை கம்பியையே விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம், வேண்டுமென்றே செய்ததுபோல, "முதுமை தெரியணும்ல?" என்பார்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. ஆலமரம்போல விழுது விடுகிற ஜாதி அத்தி அது, ஆனால் கிளையிலிருந்து விழுது இறங்கவில்லை. விழுதில்லாத அத்தியைக் கண்காட்சியில் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடம் அவர் படாத பாடு பட்டார். உறிஞ்சுகுழல்களைப் பிளந்து, பாசி அடைத்து, கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார். சங்கத்தில் அதற்கு 'ஆஸ்பத்திரி மரம்' என்று பெயர் வைத்தார்கள். காற்றில் ஈரம் தங்கட்டும் என்று மீன்தொட்டியைக் கவிழ்த்து மூடிப்பார்த்தார். நத்தை நன்றாக வளர்ந்தது.

விழுது வரவில்லையே தவிர, வாய் குறையவில்லை. மாதம் ஒருமுறை சாரணர் கூடத்தில் கூடும் போன்சாய் சங்கத்தில் அவர்தான் பெரிய சட்டாம்பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் விழுதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த லோசா எழுந்தாள். டோங்காவிலிருந்து வந்து முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவள். பால்கனி இல்லாத சின்ன அடுக்ககத்தில் குடியிருந்தாள்.

"என் அத்தி குளிக்கிற ரூம்லதான் இருக்கு. அதுல ஒரு விஷயம்..."

"குளிக்கிற ரூம்லயா!" நெவில் அவளை முடிக்கவே விடவில்லை. "ஏம்மா, அத்தி வெயில்ல வாழற மரம். வீட்டுக்குள்ள வெச்சா அது போன்சாய் இல்ல, வாடப்போற கீரைக்கட்டு. உக்காரு, உக்காரு."

கூடமே சிரித்தது. லோசா உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வாள். வாய் திறப்பதில்லை. தன் மரத்தையும் கொண்டுவந்ததில்லை. அவள் அடக்கமாகக் கற்றுக்கொள்கிறாள் என்று நெவில் நினைத்துப் பெருமைப்பட்டார்.

போன ஜனவரியில், அங்கே அது கோடை, அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். ஆஸ்பத்திரி, பிறகு நடை பழகும் விடுதி என்று ஏழு வாரம் ஆயிற்று. போகும் முன் மனைவி நோயலீனிடம் மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். காலையும் மாலையும் தொட்டி மண்ணில் விரல் விட்டு ஈரம் பார்க்க வேண்டும், மழை பெய்தாலும் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார். அவர் போன நாளிலிருந்து மழை விடவே இல்லை.

நோயலீன் தினமும் பார்க்க வந்தாள். அவர் முதல் கேள்வியே மரத்தைப் பற்றித்தான்.

"நல்லா வெயில் படுதா?"

"எனக்கே வெயில் பட்டு ஒரு மாசம் ஆச்சு, நெவ். உன் இடுப்பு எப்படி இருக்குன்னு சொல்லு."

வீடு திரும்பிய அன்று, நடைச்சட்டத்தை ஊன்றி சமையலறை ஜன்னலுக்குப் போனார். தோட்டத்துப் பலகை காலியாக இருந்தது.

"எங்க என் மரம்?"

"சலவை ரூம்ல. பின்படி பூரா பாசி. சேத்துல விரல் விட்டுப் பாக்கறதுக்காக நான் வழுக்கி விழுந்து உன் பக்கத்துக் கட்டில்ல வந்து படுக்கணுமா? பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லி உள்ள தூக்கி வெச்சுட்டேன்."

சமையலறையிலிருந்து சலவை அறைக்குப் பதினைந்து அடி. நடைச்சட்டத்தோடு அதைக் கடக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடத்தில் வீட்டுக்குள் வைக்கப்பட்ட அத்திகளின் கதி பற்றி ஒரு முழுச் சொற்பொழிவைத் தயார் செய்துவிட்டார். கதவைத் திறந்தார். துணி உலர்த்தும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னலெல்லாம் ஆவி. இயந்திரத்தின் பக்கத்தில் மரம் நின்றது. கீழ்க்கிளைகளிலிருந்து வெளிர்நிறத்தில் விழுதுகள் தொங்கின. எண்ணினார், பதினான்கு. இரண்டு மண்ணையே தொட்டுவிட்டன.

தயார் செய்த சொற்பொழிவு வீணாயிற்று.

"அது என்ன நெவ், தாடி மாதிரி?" என்றாள் நோயலீன், இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்பை வெளியே இழுத்துக்கொண்டே. "வெட்டிவிடலாம்னு கத்தரி எடுத்தேன். அதுக்குள்ள போன் வந்துச்சு, மறந்துட்டேன்."

நெவில் அழுக்குத்துணிக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது. சந்தோஷம்தான். அதன் பின்னாலேயே பொறாமையும் வந்தது. எழுபது வயதில், பெண்டாட்டியின் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் கடைசியில் கண்காட்சி. சங்கத் தலைவர் டூகல், விழுது வந்த செய்தி கேட்டு, "பரிசு கிடைச்சா எப்படிப் பண்ணினன்னு பேசணும்டா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அத்தி வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய், சலவை அறை என்று எப்படிச் சொல்லும்? ஒரு வாரம் யோசித்து நெவில் ஒரு கதை கட்டினார். மழைத்தண்ணீரைப் பிடித்து, பனி போல மெல்லிசாக, நாளைக்கு ஐந்து முறை தெளித்தாராம்.

"ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டேவா?" என்றாள் நோயலீன். "உன் இஷ்டம். நான் வாய் திறக்கல. எனக்கு அங்க கேக் வெட்டற வேலை இருக்கு."

முதல் பரிசு அவர் மரத்துக்கே கிடைத்தது. கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். நாற்பது பேர் அவரையே பார்த்தார்கள். கடைசி வரிசையில் லோசா நோட்டைத் திறந்து, பேனாவைப் பிடித்துக் காத்திருந்தாள். தான் அளக்கப்போகிற கதையை அவள் நம்பி எழுதிக்கொண்டு போய் தினமும் ஐந்து முறை தெளிப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. இரவுப் பணி முடிந்து வந்த கையோடு தெளிப்பாள். தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"சலவை ரூம்," என்றார் நெவில். "துணி காயவைக்கிற மிஷின் பக்கத்துல. ஏழு வாரம். வெச்சது நோயலீன். நான் ஆஸ்பத்திரில ஜெல்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமா நான் கிழிச்சது ஒண்ணுமில்ல."

டூகல் ஆரம்பித்து வைக்க, கூடம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. கேக் மேசையிலிருந்து நோயலீன் கத்தியைத் தூக்கிக் காட்டினாள். நெவிலும் சிரித்தார். பாரம் இறங்கியது போலிருந்தது. இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தார்.

கடைசி வரிசையில் லோசா எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து முன் வரிசைக்குக் கொடுத்தனுப்பினாள். கை மாறிக் கை மாறி அது நெவிலிடம் வந்தது. குளியல் தொட்டியின் விளிம்பில், சின்ன ஜன்னலடியில் ஒரு அத்தி. அடிமரமே தெரியாத அளவுக்கு விழுது.

"அன்னிக்கு நான் சொல்ல வந்தது இதுதான்," என்றாள்.

"எப்போலேருந்து?" நெவில் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நீங்க என்னை உக்காரச் சொன்ன அன்னிக்கே பதினொண்ணு இருந்துச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நெவிலுக்குக் காது மடல் வரை சுட்டது. அந்த வெட்கத்தை வேடிக்கையாக்க ஒரு வார்த்தை தேடினார், அகப்படவில்லை.

"மன்னிச்சுக்கோ லோசா," என்றார். "இங்க வா. இந்தத் தடவை முழுசா சொல்லு."

அவள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடத்தின் நீளமெல்லாம் நடந்து, கடைசி வரிசையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். நோயலீன் தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லோசா பேச ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை, நெவிலின் கை தானாக மேலே எழுந்தது, ஏதோ திருத்தம் சொல்ல.

நோயலீன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, கேக் துண்டைத் திணித்தாள்.

"தின்னு," என்றாள். "தின்னுக்கிட்டே கேளு."