மே மாதத்தில் இருக்கிறது ஸ்பிரிங்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் ஸ்டோரில் அவள் எல்லோருக்கும் அக்கா. தலை முழுக்க நரைத்த எலெக்ட்ரீஷியனுக்கும் அக்காதான். மேனேஜர் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை இறக்கிவிட்டு அவளிடம் சொன்னார்: "எந்தச் சாமான் எங்க இருக்குன்னு எல்லாத்தையும் இதுல ஏத்துங்கக்கா. வெள்ளிக்கிழமை நானே வந்து கேப்பேன். கேட்டது கைக்கு வரலைன்னா ஸ்டோரை வெளியாள்கிட்ட விட்டுடுவேன்."

பிரேக் ஸ்பிரிங் இருப்பது ஏழாவது அலமாரி, ஐந்தாவது தட்டு. அக்கா 7-5 என்று அடித்தாள். கம்ப்யூட்டர் அதை '7 மே' என்று திருத்திக் கொடுத்தது. அழித்து அடித்தாள். மறுபடி மே. பெற்ற பிள்ளைகூட அவளிடம் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை.

கம்ப்யூட்டர் பார்ப்பவரைக் கூப்பிட்டாள்.

"அது உங்களுக்கு உதவி பண்ணுதுக்கா."

"நான் கேட்டேனா?"

"கேக்காமலே பண்றதுதான்க்கா அதோட சிறப்பு."

"என் மாமியாரும் அப்படித்தான். அவங்களையாவது நாலு நாள் ஊருக்கு அனுப்பி வைக்கலாம்."

அவர் எதையோ தட்டினார். மே மறைந்து, அந்த இடத்தில் முன்பின் தெரியாத ஐந்து இலக்க எண் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"பாருங்க, தேதி போயிடுச்சு!"

"அதோட என் தட்டும் போயிடுச்சே! ஐயா சாமி, மேயையே திருப்பிக் குடுத்துடுங்க."

பட்டியலை அப்படியே அச்சடித்துக் கவுன்டரில் ஒட்டினார்கள். வியாழக்கிழமை மெக்கானிக் ஒருவர் பிரேக் ஸ்பிரிங் கேட்டு வந்தார். கவுன்டர்காரர், தாளில் இல்லாததற்கு மூச்சுகூட விடாதவர், விரலை வைத்துப் படித்தார். "மே ஏழாம் தேதி வாங்க."

"இப்ப மார்ச்சுய்யா! லிஃப்ட் நாலாவது மாடியில தொங்குது!"

"தொங்கட்டும். நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுது."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தாள். விடிந்தால் வெள்ளி. கம்ப்யூட்டரைத் திருத்த முடியாது, கவுன்டர்காரரைத் திருத்தவே முடியாது. மிச்சம் இருந்தது அலமாரிதான். பிரஷ்ஷை எடுத்து, பழைய எண்களை அழித்து, ஒவ்வொரு தட்டிலும் தாளில் இருந்த தேதியையே எழுதினாள்.

மறுநாள் மேனேஜர் வந்து பிரேக் ஸ்பிரிங் கேட்டார். கவுன்டர்காரர் தாளைப் பார்த்தார், நேராக மே மாதத்துக்கு நடந்தார், கொண்டுவந்தார்.

"பாத்தீங்களாக்கா, கம்ப்யூட்டர் வந்ததும் ஸ்டோரே திருந்திடுச்சு!"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலை தப்பியது.

ராத்திரி சாப்பிடும்போது கணவர் குழைந்தார். "அடுத்த வாரம் மார்ச் பன்னெண்டு. என்னன்னு ஞாபகமிருக்கா?"

"இருக்கே, கிரீஸ் டப்பா."

கல்யாண நாளுக்கு அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. கணவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, வாங்கிடலாம். சின்னதா, பெருசா?"