எனக்கும் அப்படி ஒரு கால்

ஐந்து வயதில், கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் அந்த அக்காவைப் பார்த்தேன். கல்லூரிக்குப் போகிற வயது. பாவாடைக்குக் கீழே இடது காலின் இருபுறமும் இரும்புக் கம்பி, தோல் வார், கனத்த பூட்ஸ். உட்காரும்போது முழங்காலருகே எதையோ தூக்கிவிட்டாள். 'டக்' என்றது, கால் மடங்கியது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அம்மா என் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "அப்படிப் பாக்கப்படாது. பாவம்."

எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை. எனக்கும் அப்படி ஒரு கால் வேண்டும் என்றுதான் தோன்றியது. ஏன் என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

மறுநாள் அண்ணாவின் மர ஸ்கேல்களை என் காலில் ரிப்பனால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். முழங்கால் மடங்காமல் நடந்தபோது உடம்பு முழுக்க ஒரு நிம்மதி. அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னடி கோலம் இது? நன்னா இருக்கற காலை வெச்சுண்டு நொண்டி வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்லம்மா. எனக்கும் வேணும்."

"என்ன வேணும்?"

காலில் கட்டியிருந்த ஸ்கேலைத் தொட்டுக் காட்டினேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஊன்றுகோலோடு யார் போனாலும் நான் நின்று பார்ப்பதைக் கண்ட சித்தி, "கொழந்தைக்கு என்ன எரக்கம்! டாக்டராத்தான் வருவா" என்று பெருமைப்பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரக்கம் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இரக்கம் இல்லையென்றால் வேறென்ன என்று கேட்டிருப்பாள்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஒரு மலையாளி கவுன்சிலரிடம் இந்த ஆசையைச் சொன்னேன். "சின்ன வயசில் வீட்டில் ஆரும் கவனிச்சில்லா, அல்லே?" என்றார். எல்லோரும் என்னைக் கவனித்தார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் அலுவலகத்தில், பஸ்ஸில் பார்த்த அக்காவைப் போலவே காலில் இரும்புக் கம்பிக் காலிப்பர் போட்ட ஒரு சேச்சி இருக்கிறாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, சின்ன வயதில் போலியோ. ஒருநாள் சாப்பிடும்போது, அவளுக்காவது புரியும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கை சோற்றிலேயே நின்றது.

"இதக் களட்டிப் போட்டுட்டு ஒரு நாளாவது ஓட மாட்டமான்னு நான் கெடந்து சாவுதேன். ஒனக்கு இது வேணுமா?"

"வேணும்னு நான் தீர்மானிக்கல சேச்சி. தன்னால வந்தது."

"இப்பமும் உண்டா?"

"உண்டு."

"அதுக்கு நான் என்ன செய்யட்டு?"

அவள் கேட்டது நியாயம்.

இப்போதும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். லிப்ட் கெட்டுப்போனதை, மேனேஜரை, மழையைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் நான் எதிரில் உட்கார்ந்ததும் சேலையைக் கீழே இழுத்துவிட்டுக் காலை மூடிக்கொள்கிறாள். அவள்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கோபம் வருகிறது.