சிவப்பு மை

வாய்க்கால் சிவந்துபோனதற்கு என் கணக்கு மதிப்பெண்தான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்பு வாத்தியார் தோற்ற பாடங்களைச் சிவப்பு மையில் எழுதுவார். என் ரேங்க் கார்டில் அந்த மை தாராளமாகவே செலவாகியிருந்தது. அப்பா பார்ப்பதற்குள் பள்ளிக்குப் போகிற வழியில் அதைச் சுக்குநூறாகக் கிழித்து வாய்க்காலில் விட்டேன். சற்றுத் தள்ளி மாமாவின் டேங்கர் லாரி, பின்பக்கம் தண்ணீரைப் பார்க்க நின்றிருந்தது. அம்மாவின் தம்பி அவர். ஒரு சாயக் கம்பெனிக்கு வண்டி ஓட்டினார். வீட்டில் போட்டுக் கொடுத்துவிடுவாரே என்று குனிந்தபடியே ஓடினேன்.

சாயங்காலம் திரும்பினால் தண்ணீர் சிவப்பு. கடலோரத்து வீராம்பட்டினம் பக்கம் வரைக்கும் மீன்கள் வயிறு தெரிய மிதப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பனையோலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பவள், கரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தாள். தோல் வெந்திருந்தது.

எனக்குப் பயத்தில் கால்சட்டை நனைந்துவிட்டது. நேராக மாமாவிடம் ஓடி அழுதேன்.

"எப்படா கிழிச்சிப் போட்ட?"

"காலைல மாமா. உன் வண்டி நின்னுக்கினு இருந்துச்சே, அப்ப."

மாமா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நீ அந்தப் பக்கம் போனதே யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா உன்னப் புடிச்சிக்கினு போயிடுவாங்க. மாமா சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத."

ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது, குடித்துவிட்டேன். கார்டு தொலைந்துபோனதாக அப்பாவிடமும் அவரே சமாளித்தார். உலகத்தில் இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைப்பார்!

மறுநாள் ஓர் அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். என் பதினேழு மார்க் உள்ளே தெரிந்துவிடும் என்று கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"இங்க லாரி எதுனா நின்னுதா? யாராச்சும் பாத்தீங்களா?"

எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். துணி சுற்றிய கையோடு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், நீ இந்த வழியாத்தான ஸ்கூலுக்குப் போவ? எதுனா பாத்தியாடா?"

"இல்லக்கா."

பார்த்தவர் எவருமில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அக்காவின் விரல்கள் அதற்கப்புறம் சரியாக மடங்கவில்லை. அவள் தண்ணீரில் இறங்கவும் இல்லை.

அன்று காலை டேங்கரின் வால்வைத் திறந்துவிட்டவர் மாமா. அந்த லாரியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.